ஈரம் படாத இடம்

அந்தக் குப்பி என் சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. சாம்பல் நிற ரப்பர் மூடி, அதைச் சுற்றி மெல்லிய அலுமினியப் பட்டை, உள்ளே அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அப்படி இரண்டு குப்பிகளை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையில் கொடுத்தார்கள். எழும்பூரில் ரயில் ஏறியதிலிருந்து விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும்வரை அப்பா சட்டைப்பையின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். முறுக்கு விற்கிறவன் வந்தான், டீ விற்கிறவன் வந்தான், எதற்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. அம்மாவின் மடியில் தலைவைத்துத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஏழு வயது. எனக்குப் பதினைந்து. அறுபதுகள் முடியப் போகிற சமயம்.

அப்பா பீங்கான் கம்பெனியில் அச்சு மேஸ்திரி. எங்கள் ஊர் பீங்கான் பொம்மை, ஊறுகாய் ஜாடி, கரண்டு கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ் எல்லாம் அச்சில் பிறப்பவை. அந்த அச்சு பிளாஸ்டர் மாவில் செய்வது. மாவைத் தண்ணீரில் தூவிக் கையால் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கூழாகும், கூழ் சூடாகும், பிறகு கல்லாகும். எந்த நொடியில் ஊற்றவேண்டும் என்பதை அப்பா விரல் நுனியில் வைத்திருந்தார். ஊரில் மழை பிடித்தால் மற்றவர்கள் வயலைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அப்பா மாவு மூட்டையைப் பற்றிக் கவலைப்படுவார். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிட்டால் அந்த மாவு அப்புறம் இறுகாது. எத்தனை கலக்கினாலும் கஞ்சியாகவே கிடக்கும். அதற்கு அவர்கள் கம்பெனியில் ‘மாவு செத்துப்போச்சு’ என்பார்கள். அப்பா மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஒரு மூட்டைகூடச் சாகவிட்டதில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. சந்தையில் பானையோ பூசணிக்காயோ எது வாங்கினாலும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைப்பதற்குப் பதிலாக ஒரு சுண்டு சுண்டிவிட்டு, வெந்துபோச்சு, சூளையை அணைக்கலாம் என்பார். அம்மா சிரித்துவிடுவாள். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் சிரிப்பு இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தம்பிக்கு ரத்தம் நிற்காது. தவழ ஆரம்பித்தபோதே முழங்காலில் நீலமாகக் கட்டி கட்டியாக வரும். நடக்க ஆரம்பித்ததும் கணுக்கால் வீங்கிக்கொள்ளும். தோஷம் பிடித்த பிள்ளை என்றார்கள், சூடு உடம்பு என்றார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். அந்த மாசியில் வாசற்படியில் தடுக்கி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அரிசி அளவு காயம். நான்கு நாள் ரத்தம் வந்தது. உள்ளூர் டாக்டர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டு, இதை மெட்ராசுக்குக் கொண்டுபோங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே போய் ரத்தம் ஏற்றினார்கள். அப்பாவிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். பதினோரு நாள் கழித்து, நாக்கு ஆறியபிறகு, ஒரு பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. காயம் பட்டதும் ரத்தம் தானாகவே ஒரு வலை பின்னிக்கொள்ளும், அந்த வலைதான் காயத்தின் வாயை அடைக்கும், உங்கள் பையன் ரத்தத்தில் வலை பின்னுவதற்கான நூல் இருக்கிறது, அதைப் பின்னச் சொல்லி உத்தரவு கொடுக்கிற பொருள்தான் சரியாக உண்டாவதில்லை என்றார். அந்த உத்தரவு கொடுக்கிற பொருளையே ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துக் காயவைத்துப் பொடியாக்கியிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறது, சிறிது உப்புநீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்துக் காயத்தில் வைத்து அழுத்தினால் அங்கேயே வலை பின்னிக்கொள்ளும் என்றார். வாய்க்குள், பல் ஈறில், வெளிக்காயத்தில் வைக்கலாம், ஊசியாக மட்டும் போடவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான். எந்த ரத்தத்திலிருந்து எடுப்பது? மாட்டு ரத்தம் என்றார் டாக்டர். அப்பா அம்மாவைப் பார்த்தார். மாட்டுப்பொங்கலுக்கு மாட்டின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவள் அவள். ‘எம்புள்ளைக்கு அதுவும் ஒரு தாயிதாங்க’ என்றாள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இந்த வியாதி அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருவது என்றார். அம்மாவின் தம்பி ஒருவர் சின்ன வயதில் காது குத்தும்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோயிருந்தார். அதை அங்கே வைத்து அம்மா சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். ஊருக்கு வந்ததும் அப்பாவின் உறவுக்காரர்களுக்கு எப்படியோ இது தெரிந்துவிட்டது. அத்தை ஒரு கல்யாணத்தில் எல்லோரும் கேட்க, பொண்ணு எடுத்த இடம் அப்படி என்றாள். அப்பா பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை எந்தக் கோபத்திலும், எந்தச் சண்டையிலும் ஒரு தடவைகூட அவர் அம்மாவிடம் எடுத்ததில்லை. பின்னால் நடந்ததை நினைக்கும்போது இதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

முதல் குப்பிக்கு இரண்டு மாதத்திலேயே வேலை வந்துவிட்டது. யாரோ கொடுத்த கரும்பைக் கடித்து ஈறு கிழிந்துவிட்டது. கம்பெனியில் யாருக்குக் கை வெட்டுப்பட்டாலும் காய்ந்த களிமண் தூளை அள்ளி அப்பி அழுத்திக்கொள்வது வழக்கம், அக்கம்பக்கத்தார் அதையே வாயில் வைக்கச் சொன்னார்கள். அப்பா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். டாக்டர் காட்டிக்கொடுத்தபடியே ஊசியால் உப்புநீரைக் குப்பிக்குள் விட்டார். பிளாஸ்டர் கலக்குகிற கை அல்லவா, ஒரு சொட்டு சிந்தவில்லை. பஞ்சை நனைத்து ஈறில் வைத்து ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் கால்மணி போனது. விரலை எடுத்தபோது பஞ்சின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு சவ்வு படர்ந்து ஈறோடு ஒட்டியிருந்தது. ரத்தம் நின்றுவிட்டது. ‘பாத்தியா, எறுகிடுச்சு’ என்றார் அப்பா. பிறந்ததிலிருந்து அவனுக்கு ரத்தம் நின்று நாங்கள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா அந்தக் காலிக் குப்பியைக் கழுவிக்கூட வைக்கவில்லை, அப்படியே சாமி மாடத்தில் வைத்துவிட்டாள்.

மிச்சம் ஒரு குப்பி. வேறு வாங்கலாம் என்றால் மெட்ராசில் அப்போது சரக்கு வரவில்லை, வந்தால் எழுதுகிறோம் என்று கடிதம் வந்தது. இருக்கிற ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பேச்சாகிவிட்டது. வெயில் காலம் முழுக்க அது தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த மணலில், ஒரு பித்தளைச் சம்படத்துக்குள் இருந்தது. வீட்டில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை அப்பா சம்படத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே வியர்த்திருந்தது. குப்பியில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி ஒரு ஓரம் பிரிந்து நின்றது. அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. குப்பியைத் துண்டில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

படித்தேன். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று இருந்தது. அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பா யோசித்தார். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் குளிர்ச்சியான இடம் எல்லாம் ஈரமாக இருக்கும். ஈரமில்லாத இடம் என்றால் அது சூடான இடம். இரண்டும் சேர்ந்த இடம் ஆண்டவன் எங்களுக்குக் கொடுக்கவில்லை. அப்பா கேட்டார். ‘ரெண்டுல எது பாப்பா முக்கியம்?’

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், உள்ளூர் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்குகிறவள், அப்பா கைகட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி எதிரில் நிற்கிறார், தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாவு செத்துப்போகும் கதையைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நானும். ‘ஈரம் படாம இருக்கணும்ப்பா. அதான் முக்கியம்’ என்றேன். சொல்லிவிட்டு ரிப்பனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை, அதைப்பற்றித்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அப்பா அன்று கம்பெனியில் அந்தக் குப்பிக்காகப் பிளாஸ்டரில் ஒரு பெட்டி வார்த்தார். மேலும் கீழுமாக இரண்டு பாதி, நடுவில் குப்பியின் உருவத்துக்குச் சரியாக ஒரு குழி. மூடினால் மயிர் நுழைய இடமிருக்காது. காய்ந்த பிளாஸ்டர் ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும், உள்ளே விடாது. அந்தப் பெட்டியை அச்சுகள் காயவைக்கிற அறையில், மேல் தட்டில் வைத்தார். சூளையின் வெக்கை அந்த அறைக்குள் ராத்திரி பகலாக வரும். அடைமழையிலும் அங்கே துணி அரைமணியில் காய்ந்துவிடும். ஊரிலேயே ஈரம் படாத இடம் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார். பெட்டியைத் திறந்து, குழியில் குப்பி படுத்திருப்பதைக் காட்டி, எப்படி என்பதுபோலப் பார்த்தார். பெட்டியைத் தொட்டேன், கதகதப்பாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். நான்கு வாரத்துக்கு மேல் அது அங்கே இருந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை தம்பிக்குக் கீழ்ப்பல் விழுந்தது. பால்பல். எல்லாக் குழந்தைகளுக்கும் விழுவதுதான். பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே எறிவது என்று கேட்டுக்கொண்டு அவன் ஓடிவந்தபோது வாயெல்லாம் சிவப்பாக இருந்தது. அவனும் பயப்படவில்லை, நாங்களும் பயப்படவில்லை. எங்களிடம் பொடி இருக்கிறதே. அப்பா கம்பெனியிலிருந்து பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அதே உப்புநீர், அதே பஞ்சு, அதே விரல். கால்மணி நேரம் கழித்து விரலை எடுத்தார். ரத்தம் வந்தது. இன்னும் ஒரு கால்மணி. வந்தது. முன்பு ஈறு, இப்போது பல் இருந்த குழி, ஆழம் அதிகம், அதனால் நேரமாகும் என்று அப்பா எங்களுக்குச் சொன்னார். தனக்கே சொல்லிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். மாலைக்குள் பிடிக்கும் என்றார். மாலையில், காலைக்குள் பிடிக்கும் என்றார். பொடி இல்லாமல் இருந்திருந்தால் அன்று மத்தியானமே மெட்ராசுக்கு ரயில் ஏறியிருப்போம். கையில் மருந்து இருந்ததால் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். தம்பி துப்பியதைவிட விழுங்கியது அதிகம். சனிக்கிழமை காலை அவன் உதடு அவன் விளையாடுகிற பீங்கான் பொம்மையின் நிறத்தில் இருந்தது.

உள்ளூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். குப்பியில் சிறிது மருந்துத் தண்ணீர் மீதம் இருந்தது, அப்பா அதையும் கொண்டுவந்திருந்தார். டாக்டர் நல்ல மனிதர், நிதானமானவர். தன் விரலையே ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்தார். அதன்மேல் அந்த மருந்தை ஒரு சொட்டு விட்டு, ஒரு குச்சியால் கிளறினார். உடனே கட்டிக்கொள்ள வேண்டும், பாருங்கள் என்றார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் குச்சியைச் சுற்றித் தண்ணீராகவே சுழன்றுகொண்டிருந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சூடு இதற்கு ஆகவே ஆகாது, வெயிலில் வைத்த பால் மாதிரி கெட்டுப்போகும், என்னிடம் கொடுத்திருந்தால் ஊசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டியில் வைத்திருப்பேனே என்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். ‘யாரு ஒங்கள அங்க கொண்டுபோயி வெக்கச் சொன்னது?’

நான் அப்பாவுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தேன். அவர் திரும்பவில்லை. ‘யாரையும் கேக்கல. எனக்கே தோணுச்சு, வெச்சேன்’ என்றார். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். எனக்குப் பதினைந்து வயது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வயதில் பேசத் தெரியாதா? நன்றாகவே பேசுவேன். வாயாடி என்றுதான் தெருவில் எனக்குப் பெயர்.

பகல் ரயிலில் ஏறினோம். தம்பி வழியில் ஒரு முறை கண் விழித்து, இந்தப் பல்லை ரயிலிலிருந்து எறியலாமா என்று கேட்டான். ஊருக்குப் போய் எறியலாம் என்றாள் அம்மா. எழும்பூரில் இறங்கும்போது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அப்பா கையை நீட்டினார், போன தடவைதான் கொடுத்தீர்கள், உடம்பு இளைத்திருக்கிறது என்றார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டியபடியே நின்றார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி போய்விட்டான். அவனுடைய நிஜார்ப் பையில் அந்தப் பல் இருந்தது.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அம்மா என்னை அழைத்துக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் களவு போனாலும், யாராவது வஞ்சனை செய்தாலும் அங்கே போய்ப் பிராது கட்டுவார்கள். போலீசில் மனு கொடுப்பதுபோலவே, நடந்ததைக் காகிதத்தில் எழுதிச் சாமிக்கு முன்னால் வைத்துப் பிறகு வேலில் கட்டிவிட வேண்டும். கேட்கவேண்டியவர்களைச் சாமி கேட்டுக்கொள்ளும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கோயில் வாசலில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பிள்ளையின் மருந்து கெட்டுப்போகக் காரணமானவரை நீயே கேள் என்று எழுதச் சொன்னாள். யார் என்று எழுதவேண்டும் அல்லவா? புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். ‘அவரு பேர எழுது’ என்றாள்.

என் பெயரை எழுதியிருக்கலாம். அம்மாவால் படிக்க முடியாது, யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதவில்லை. சாமியை நினைத்துப் பயமாக இருந்தது. அப்பாவின் பெயரைத் தலைப்பெழுத்தோடு, நல்ல கையெழுத்தில் எழுதினேன். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசவில்லை. சமைப்பாள், துணி துவைப்பாள், அவர் வரும் நேரத்துக்குத் தட்டை வைத்துச் சோறு போடுவாள். வேண்டுமா போதுமா என்ற கேள்வி மட்டும் கிடையாது. போதும் என்று அவர் கையை மறைப்பார், அவள் நிறுத்துவாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் என்னைப் பார்த்துச் சொல்வாள். அப்பா ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை, சண்டை போட்டதில்லை, அம்மா வழியில் வந்த வியாதி என்று பதிலுக்குச் சொன்னதும் இல்லை. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நர்ஸ் படிப்புக்கு எழுதிப்போட்டேன், மெட்ராசில் கிடைத்தது. தம்பிக்காகத்தான் அந்தப் படிப்புக்குப் போனேன் என்று ஊரில் சொன்னார்கள். எங்காவது ஓடவேண்டும் என்றுதான் போனேன்.

ரயில் ஏற்றிவிட அப்பா வந்தார். ஜங்ஷனில் வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இப்போதே திரும்பி வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். அப்பா என் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினார். ‘வாணாம் பாப்பா. நான் வேலைக்குப் போயிடுறேன், பகலெல்லாம் வூட்டுல இல்ல. எங்கிட்ட பேசாம அவளால இருந்துட முடியும். உங்கிட்ட பேசாம இருக்க முடியாது. ஒரு புள்ள போயிடுச்சு, இன்னொரு புள்ளையும் இல்லாம ஆக்கிடாத.’ வண்டி வந்தது. என்னை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக நெற்றியில் ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு என் வாழ்க்கை முழுவதும் ஆபரேஷன் தியேட்டரில் போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவிடமிருந்து எனக்கும் அது வந்திருக்கலாம் என்ற பயம் ஒரு காரணம், வேறு காரணங்களும் உண்டு. பல வருடங்கள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரட்டை ஊசிக்குழாய் வந்தது. ஒரு குழாயில் மனித ரத்தத்திலிருந்து பிரித்த நூல், இன்னொன்றில் அதைப் பின்னச் சொல்லி உத்தரவு கொடுக்கிற பழைய பொடி. இரண்டும் காயத்தின் மேல் ஒன்றாக விழுகிற நொடியில் பசையாகிக் கட்டிக்கொள்ளும். தையல் போட முடியாத ஈரலில், மூளையின் உறையில், இதயத்தில் அதைத் தெளித்து ரத்தம் நிற்பதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டாக்டர்கள் பாராட்டிப் பேசுவார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்ததில்லை, பொறாமையாக இருந்தது. பொடி வைக்கிற ஐஸ் பெட்டியின் டிகிரியை நான் ஒரு ஷிப்டில் ஐந்து முறை பார்ப்பேன். சின்னப் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். ஓய்வு பெறும் சமயத்தில், ரத்தத்தைக் கட்டவைக்கக் களிமண் தூள் தோய்த்த துணி ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று வகுப்பு எடுத்தார்கள். எங்கள் ஊர்க் கம்பெனியில் கொட்டிக்கிடக்கிற அதே வெள்ளைக் களிமண்ணின் வகைதான். அக்கம்பக்கத்தார் அன்று தம்பியின் வாயில் வைக்கச் சொன்னதும் அதைத்தான்.

அப்பா எழுபதுகளின் கடைசியில் இறந்தார். பிளாஸ்டர் தூசும் களிமண் தூசும் நெஞ்சில் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி ஒரு மாதம் அம்மாதான் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தாள், அப்போதும் பேசவில்லை. நான் லீவு போட்டுக்கொண்டு வந்து அந்த வீட்டில் இருபது நாள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று அம்மாவின் பக்கத்தில் போய் நிற்பேன். அப்பா படுத்தபடியே என்னைப் பார்ப்பார். நான் தண்ணீர் எடுக்க வந்தவள்போலத் திரும்பிவிடுவேன்.

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு சொன்னேன். மழைக்காலத்துக் காலை, காகிதம், அப்பா கேட்டது, நான் சொன்னது, ஒன்றும் விடவில்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. ‘நாளைக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?’ என்று கேட்டாள். எதற்கு என்றேன். பிராதைத் திருப்பி வாங்கவேண்டும், பேர் எதுவாக எழுதியிருந்தாலும் செய்தவர் யார் என்று சாமிக்குத் தெரியும், அது உன்மேல் வந்துவிடும் என்றாள்.

மறுநாள் போனோம். எதனால் வாபஸ் வாங்குகிறீர்கள் என்று குருக்கள் கேட்டார். தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றாள் அம்மா. வாபஸ் காகிதத்தையும் நானே எழுதினேன், அதிலும் அப்பாவின் பெயரை எழுத வேண்டியிருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னாள்.

‘நீ சின்னப் புள்ள. ஒன்ன நான் என்னா பண்ணியிருக்கப் போறேன்? ரெண்டு நாளு அழுதிருப்பேன். அவரு இருக்கறப்பவே சொல்லியிருந்தீன்னா, அந்த மனுசனுக்கு ஒரு வேளையாவது பேசிக்கிட்டே சோறு போட்டிருப்பேன்.’